பொட்டலத்தை மாற்றினால் உடம்பு தேறுமா?

சத்துள்ள சாப்பாடு சாப்பிட வேண்டும் என்ற ஆசை இன்று எல்லோருக்கும் வந்துவிட்டது. இது நல்ல ஆசை. வரவேற்க வேண்டிய ஆசை.

ஆனால், ஆசை மட்டும் போதுமா? வழி தெரிய வேண்டாமா?

வழி தெரியாமல் புறப்பட்டவன் எவ்வளவு வேகமாக நடந்தாலும் ஊர் போய்ச் சேரமாட்டான். சாப்பாட்டு விஷயத்திலும் அதே கதைதான். பணம் செலவாகிறது. பாடுபட்டுப் பத்தியம் இருக்கிறார்கள். உடம்பு மட்டும் தேறுவது இல்லை.

ஏன்? எங்கே தவறு?

பொட்டலப் படை!

சென்னையில் இருந்து திருச்சிக்குப் போகும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடி இருக்கிறது. அங்கே ஒரு பழைய கோட்டை உண்டு. 1751-ம் ஆண்டில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டையில் அந்தக் கோட்டையின் பெயர் அடிபட்டது.

இன்று அதே வழியாக வேறு ஒரு படை வருகிறது. அது பொட்டலப் படை!

லாரியில் வந்து இறங்குகிறது. பெட்டிக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறது. "சிறுதானிய பிஸ்கட்", "சத்து மாவு", "கொலஸ்டிரால் இல்லாத எண்ணெய்", "பழச்சாறு" என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எல்லாவற்றின் மேலும் ஒரு பச்சை இலைப் படம்.

சுற்றிலும் இருப்பது என்ன பூமி? சின்ன வெங்காயம் விளைகிற பூமி. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற பூமி. கம்பும் சோளமும் வரகும் சாமையும் தின்று வளர்ந்த மக்கள். அந்த மக்களுக்கே கம்பைப் பொட்டலத்தில் போட்டு, சர்க்கரையும் சேர்த்து, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள்.

விற்கிறவர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. "பொட்டலத்தை மாற்றினால் போதும், உடம்பு சரியாகிவிடும்" என்று நாம் நம்புகிறோமே, அதுதான் முதல் தவறு.

கணக்கு என்ன சொல்லுகிறது?

மத்திய அரசு 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஒரு குடும்ப நலக் கணக்கு எடுத்தது. தமிழ்நாட்டுக் கணக்கைப் பாருங்கள்.

15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில், நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை.

அதே வயதுப் பெண்களில், நூற்றுக்கு 40 பேருக்கு அளவுக்கு மீறிய உடல் எடை.

வேடிக்கையாக இல்லை? ரத்தமும் குறைவு, எடையும் அதிகம்! இரண்டும் ஒரே நாட்டில், ஒரே தெருவில், சில சமயம் ஒரே உடம்பில்.

2023-ம் ஆண்டில் இன்னொரு கணக்கு வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து எடுத்த கணக்கு அது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை வியாதி இருக்கிறது என்று அது சொல்லிற்று.

இதற்கு என்ன அர்த்தம்? வயிறு நிறைகிறது. ஆனால், தட்டு சரியாக இல்லை.

வெளுத்ததெல்லாம் பால் அல்ல!

அரிசி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது நம்முடைய பழைய ஆசை. மல்லிகைப் பூப்போல் சோறு இருந்தால்தான் மதிப்பு என்று எண்ணுகிறோம்.

இந்த ஆசை ஒரு காலத்தில் உயிரைக் குடித்திருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு "பெரிபெரி" என்று ஒரு வியாதி இருந்தது. கால் மரத்துப் போகும். உடம்பு வீங்கும். இருதயம் பலவீனம் அடைந்து ஆள் இறந்து போவான். பழைய சென்னை மாகாணத்தின் வடக்குக் கடற்கரை ஜில்லாக்களில் இது அதிகம். அங்கே மக்கள் நன்றாகத் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள்.

இதை ஆராய்வதற்காக 1918-ம் ஆண்டில் நீலகிரி குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார்கள். அதை நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர். அந்தக் கூடம்தான் பிறகு வளர்ந்து, ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய உணவூட்ட நிலையமாக இருக்கிறது.

வியாதிக்குக் காரணம் என்ன? அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் ஒரு சத்து. வைட்டமின் பி-1 என்று அதற்குப் பெயர். மனிதன் அரிசியைத் தின்றான். சத்தை மாட்டுக்குப் போட்டான்!

புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்களை இந்த வியாதி அவ்வளவாக அண்டவில்லை. நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது, உமிக்கு அடியில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவது இல்லை. நம்முடைய பாட்டிமார் இந்த விவரத்தைப் படித்தது இல்லை. ஆனால், செய்து வந்தார்கள்.

மெக்காரிசன் இன்னொரு சோதனையும் செய்தார். எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சாப்பாடு. ஒரு கூட்டத்துக்கு வங்காளச் சாப்பாடு. ஒரு கூட்டத்துக்கு மதராஸ் சாப்பாடு. இப்படிப் பல மாகாணச் சாப்பாடுகளைப் போட்டு வளர்த்தார்.

எந்த எலி நன்றாக வளர்ந்தது? கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய்கறி தின்ற பஞ்சாப் எலி! கடைசியில் நின்றது எது? மதராஸ் எலி!

அரிசி பாவம் செய்யவில்லை. அரிசியே முக்கால் தட்டாக இருந்ததுதான் பாவம். பாலும் பருப்பும் காயும் பேருக்கு இருந்தன.

நம் வீட்டுத் தட்டை இன்று பாருங்கள். நாமும் மதராஸ் எலியின் தட்டைத்தானே வைத்திருக்கிறோம்?

கம்பு நல்லதுதான், ஆனால்...

2023-ம் ஆண்டை சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. நல்ல காரியம். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வேறு எந்தத் தானியத்திலும் இவ்வளவு இல்லை. கம்பில் இரும்புச் சத்து உண்டு.

ஆனால், இங்கே மூன்று தவறுகள் நடக்கின்றன.

ஒன்று: சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நினைப்பது. கம்பும் தானியமே. அதிலும் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று அரிசி தோசைக்குப் பதில் ஆறு கம்பு தோசை தின்றால், சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இரண்டு: வரகையும் சாமையையும் வெள்ளை வெளேர் என்று தீட்டி விற்பது. வாங்குகிறவர்களும் வெள்ளையாக இருப்பதையே கேட்கிறார்கள். தவிடு போன பிறகு வரகு என்ன, அரிசி என்ன? குன்னூர் பாடத்தை நாம் மறந்துவிட்டோம்.

மூன்று: சிறுதானிய பிஸ்கட். பொட்டலத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ, அதன் பெயர் முதலில் இருக்கும். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கு அடுத்து பாமாயில், கடைசியில் கொஞ்சம் கம்பு என்று இருந்தால், அது சிறுதானிய பிஸ்கட் அல்ல. கம்பு வாசனை பட்ட மைதா பிஸ்கட்!

பொட்டலத்தின் முன்பக்கம் வியாபாரி பேசுகிறார். பின்பக்கம்தான் உண்மை பேசுகிறது. படிக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

வெல்லமும் சர்க்கரைதான்!

"நாங்கள் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டோம். நாட்டுச் சர்க்கரைதான் போடுகிறோம்" என்று பெருமையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் — எல்லாம் ருசியில் வேறு வேறு. கொஞ்சம் தாது உப்புகள் அவற்றில் இருப்பது உண்மை. ஆனால், அவற்றில் பெரும் பகுதி சர்க்கரையே. உடம்புக்குள் போனதும், வந்தது கருப்பட்டியா, சீனியா என்று ரத்தம் கேட்பது இல்லை.

உலக சுகாதார நிறுவனம் ஒரு நல்ல அளவு சொல்லுகிறது. ஒருவர் ஒரு நாளைக்கு சுமார் 25 கிராம் இனிப்புக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. அதாவது சுமார் ஆறு தேக்கரண்டி.

ஒரு டம்ளர் காப்பிக்கு இரண்டு கரண்டி. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். ஆறு கரண்டி ஆகிவிட்டது! பலகாரம் இன்னும் கணக்கில் வரவில்லை.

உப்பிலும் இந்த மயக்கம் இருக்கிறது. இந்துப்பு, ரோஸ் உப்பு என்று அதிக விலை கொடுக்கிறார்கள். நிறம் மாறினாலும் அது உப்பே. அதிலும் ரத்தக் கொதிப்பை ஏற்றும் பொருள் இருக்கிறது. அயோடின் கலந்த உப்பில் கிடைக்கும் அயோடின், அதில் கிடைக்காமலும் போகும். எந்த உப்பானாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு!

இல்லாததை விற்கும் எண்ணெய்

எண்ணெய் டின்னில் "கொலஸ்டிரால் இல்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாங்கும் தாய்மார்கள் மகிழ்ந்து போகிறார்கள்.

கொலஸ்டிரால் என்பது மாமிசம், முட்டை, பால், நெய் போன்ற பிராணிகள் சம்பந்தமான பொருள்களில் இருப்பது. கடலையிலும் எள்ளிலும் அது கிடையாது. ஆகவே, எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது. "எங்கள் தண்ணீரில் எலும்பு இல்லை" என்று சொல்லி விற்பதைப் போன்றது இது!

"செக்கில் ஆட்டிய எண்ணெய், எவ்வளவு ஊற்றினாலும் கெடுதல் இல்லை" என்பது இன்னொரு நம்பிக்கை. மணம் நன்றாக இருக்கும், சந்தேகம் இல்லை. ஆனால், செக்கு எண்ணெயோ, டின் எண்ணெயோ, ஒரு கிராம் எண்ணெய் 9 கலோரி தருகிறது. எடையைக் கூட்டுவதில் எல்லா எண்ணெயும் ஒன்றே.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று பழமொழி சொல்லி வாதாடுகிறவர்கள் உண்டு. பழமொழி சரிதான். ஆனால், அது யாருக்குச் சொன்னது? சூரியன் உதிக்கும் முன் ஏர் பிடித்து, இருட்டிய பின் வீடு திரும்பியவனுக்கு! மோட்டார் சைக்கிளில் போய் நாற்காலியில் உட்காருகிறவருக்கு அல்ல.

வடை, பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் ஆபத்து. கருத்துப் போன எண்ணெய், கெட்டுப் போன எண்ணெய். நால்வர் இருக்கும் வீட்டில் மாதம் இரண்டு லிட்டரில் சமையல் முடிந்தால், அந்த வீட்டுக்கு சபாஷ் போடலாம்.

டப்பாவில் வளருமா பிள்ளை?

பிள்ளை ஒல்லியாக இருக்கிறான் என்று கவலை. உடனே ஒரு டப்பா வாங்குகிறார்கள். பாலில் கலந்து கொடுக்கிறார்கள். பெரிய டப்பா, பெரிய விலை.

2024-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் மத்திய அரசு ஓர் அறிவிப்பு செய்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்று ஒரு வகையே கிடையாது; ஆகவே அந்தப் பெயரில் இவற்றை விற்கக் கூடாது என்று இன்டர்நெட் கடைகளுக்குச் சொல்லிற்று.

இப்படிப்பட்ட மாவுகள் பலவற்றில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது. சத்து வருவது பெரும்பாலும் கலக்கும் பாலில் இருந்தே! அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வாங்கலாம்? எத்தனை படி நிலக்கடலை வாங்கலாம்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

60 கிலோ எடை உள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. ஒரு பிடி நிலக்கடலையில் சுமார் 7 கிராம். ஒரு பிடி பருப்பிலும் அவ்வளவே.

நம் வீட்டில் சாம்பார் வைக்கிறோம். பருப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது! குழம்பு கெட்டியாக இருக்கட்டும். சுண்டல் வாரத்தில் நான்கு நாள் இருக்கட்டும்.

1956-ம் ஆண்டில் காமராஜர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதை சத்துணவாக விரிவாக்கினார். பிறகு முட்டையும் வந்தது. பிள்ளையைத் தேற்றுவது சோறும் பருப்பும் காயும் முட்டையும் என்று இந்த மாநிலம் எப்போதோ கண்டுகொண்டது. வீடுகள்தான் டப்பாவை நம்புகின்றன.

ஆப்பிளுக்கு என்ன மரியாதை?

ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்கப் போனால் கையில் ஆப்பிள். கொய்யாப் பழத்துக்கு மதிப்பு இல்லை.

வைட்டமின் சி-யில் ஆப்பிளைவிடக் கொய்யா பல மடங்கு உயர்ந்தது. நெல்லிக்காய் இன்னும் மேலே. பப்பாளி ஏழை வீட்டுக் கொல்லையிலே காய்க்கிறது. அருமை தெரியாமல் அணிலுக்கு விடுகிறோம்.

பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, சர்க்கரை போட்டுக் குடிப்பது அடுத்த தவறு. நார் போய்விட்டது. மிஞ்சியது இனிப்புத் தண்ணீர். பல் இருக்கும்வரை பழத்தைக் கடித்துத் தின்பதே மேல். "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சும்மாவா சொன்னார்கள்?

கடைசியில் சாப்பிடுகிறவள்

எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அது கடையில் நடப்பது அல்ல. அடுப்பங்கரையில் நடப்பது.

வீட்டுக்காரர் சாப்பிடுகிறார். பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். மாமனார், மாமியார் சாப்பிடுகிறார்கள். கடைசியில் சட்டியின் முன் உட்காருகிறாள் வீட்டுப் பெண். அப்போது சட்டியில் என்ன இருக்கிறது? சோறு இருக்கிறது. ரசம் இருக்கிறது. பொரியல் இல்லை. முட்டை இல்லை. பருப்பு இல்லை.

நூற்றுக்கு 53 பெண்களுக்கு ரத்தசோகை என்று பார்த்தோமே, அதற்குப் பல காரணங்கள் உண்டு. மாதவிடாய் உண்டு, பிள்ளைப்பேறு உண்டு, குடல் புழுவும் உண்டு. ஆனால், இந்தச் சட்டிக்கும் அதில் பங்கு இருக்கிறது.

குடும்பம் முழுவதற்கும் சத்து தேடுகிறவள், தனக்கு மட்டும் மீதியைத் தேடுகிறாள். இதைத் தியாகம் என்று பாராட்டிக் கைகழுவிவிடக் கூடாது. ரத்தம் குறைந்த தாய்க்கு, பிரசவத்தில் ஆபத்து. பிறக்கும் குழந்தையும் எடை குறைந்து பிறக்கும்.

இதற்குக் காசு வேண்டாம். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். அது முடியாவிட்டால், அவள் பங்கை முதலில் எடுத்து மூடி வைக்க வேண்டும். இதை வீட்டு ஆண்கள் செய்ய வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடிக்காதீர்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கிறது. ஒரு மணி நேரம் போகட்டும். அதற்குப் பதில் கீரையில் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

மருந்தை நிறுத்தலாமா?

சிலர் பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கியதும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். "இனி உணவே மருந்து" என்கிறார்கள்.

இது தவறு மட்டும் அல்ல, ஆபத்து! சர்க்கரை வியாதி சத்தம் போடாமல் கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் புண்ணை உண்டாக்கும். நல்ல சாப்பாடு மருந்துக்குத் துணை. மருந்தின் இடத்தில் அதை உட்கார வைக்கக் கூடாது. குறைக்க வேண்டுமா, நிறுத்த வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பரிசோதனைக்குக் காசு கேட்பது இல்லை.

"தாத்தா நூறு வயது வாழ்ந்தார்!"

"அந்தக் காலத்தில் கணக்கா பார்த்தார்கள்? எல்லோரும் நூறு வயது வாழவில்லையா?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

வாழவில்லை! நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. இன்று அது 70-ஐ எட்டிவிட்டது. தடுப்பூசியும் மருந்தும் சுத்தமான தண்ணீரும் பஞ்சம் இல்லாத வாழ்வும் சேர்ந்து கொடுத்த வரம் இது.

தாத்தாவிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. அவர் நடந்தார், உழைத்தார், விளைந்ததைத் தின்றார். அதை எடுத்துக்கொள்வோம். காலத்தை மட்டும் திரும்ப அழைக்க வேண்டாம்.

தட்டு எப்படி இருக்க வேண்டும்?

தட்டை மனத்தில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் காயும் கீரையும். மறு பாதியைத் திரும்பவும் இரண்டாக்குங்கள். அதில் ஒன்று சோறு, அல்லது களி, அல்லது கூழ். மற்றது பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் இவற்றில் ஏதாவது. அவ்வளவே!

காலையில் கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும். கூட ஒரு பிடி வேர்க்கடலை. மதியம் புழுங்கல் அரிசிச் சோறு, கெட்டியான பருப்புக் குழம்பு, முருங்கைக் கீரை, ஒரு முட்டை. மாலையில் ஒரு கொய்யா. இரவில் அளவாக இட்லியும் சாம்பாரும்.

இதில் எந்தப் பொருள் வெளிநாட்டில் இருந்து வருகிறது? எதற்கு வண்ணப் பொட்டலம் வேண்டும்? ரஞ்சன்குடிச் சந்தைக்கும் பெரம்பலூர்ச் சந்தைக்கும் வராத பொருள் இதில் ஒன்றும் இல்லை.

காய்கறி விலை சில மாதங்களில் ஏறுகிறது. உண்மை. அப்போது கீரை வாங்குங்கள். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி வையுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரே அவற்றுக்குப் போதும்.

டப்பாவுக்குப் போகும் பணத்தைப் பருப்புக்குத் திருப்புங்கள். வீட்டுப் பெண்ணுக்கு முதலில் ஒரு தட்டு வையுங்கள். இந்த இரண்டையும் இந்த வாரமே செய்யலாம். யாரையும் கேட்க வேண்டியது இல்லை!